வேகம் கட்டுப்படாத டிரில்லுக்கு வாரண்டி மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
சர்ஃப் போர்டு செய்பவர்,
கோவளம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
மின்கருவித் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 13 மி.மீ. டிரில்லின் ட்ரிகர் சுவிட்ச் பழுது, வாரண்டி மறுப்பு.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) கொண்ட டிரில் ஒன்றை வாங்கினேன். ஒரு வருட வாரண்டி இன்னும் முடியவில்லை. ட்ரிகரை லேசாக அழுத்தினாலும் இப்போது மெஷின் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில்தான் ஓடுகிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். “வீட்டில் செய்த கருவியோடு பயன்படுத்தியதால் பக்கவாட்டு அழுத்தம் ஏற்பட்டுப் பழுதாகியுள்ளது, வாரண்டி பொருந்தாது” என்று உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் தெர்மாகோல் பிளாக்கை நிக்ரோம் கம்பியால் சூடாக அறுத்து, நடுவில் பிளைவுட் பட்டை ஒட்டி, சர்ஃப் போர்டு செய்கிறேன். மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும். பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. போர்டின் அடிப்பக்கம் மட்டமாக இருக்காது. லேசாகக் குழிய வேண்டும். அந்தக் குழிவைக் கையால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு. வெளிநாட்டில் இதற்கென்றே உப்புத்தாள் டிரம் பொருத்திய பிளானர்கள் (இழைக்கும் மின்கருவிகள்) உண்டு. உற்பத்தி நின்றுபோன ஸ்கில் 100 பிளானரை அங்கே இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். இங்கே எனக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது என்பதால்தான் டிரில்லில் ஓடும் டிரம் சாண்டரை (தேய்க்கும் உருளையை) நானே செய்தேன்.

75 மி.மீ. பி.வி.சி. பைப்புக்குள் பிளைவுட் வட்டங்களை ஒட்டி, நடுவில் 12 மி.மீ. கம்பி செருகினேன். பைப்பின் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் 60 நம்பர் எமரித் துணி. துணியைச் சாய்வாகச் சுற்றியிருக்கிறேன். நேராக ஒட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஜாயின்ட் ‘டக் டக்’ என்று இடித்துத் தெர்மாகோல் ஃபோமில் வரிவரியாகத் தடம் விழும்.

உங்கள் மின்னஞ்சலுக்கான பதில் இனிதான் வருகிறது. கம்பியின் இரண்டு முனையிலும் 6201 பேரிங் போட்டிருக்கிறேன், தூசி போகாத ரப்பர் சீல் உள்ளது. அந்த இரண்டு பேரிங்கும் மரக் கைப்பிடிச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. போர்டின் மேல் நான் கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்குவது அந்தச் சட்டம். டிரில்லுக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது கிளிப் போட்டு இறுக்கிய ரப்பர் ஹோஸ் துண்டு. அது வளைந்து கொடுக்கும். சுற்றை மட்டும்தான் கடத்தும். அப்படியிருக்கப் பக்கவாட்டு அழுத்தம் எந்த வழியாக உங்கள் சக்குக்குப் போனது?

போயிருந்தால் சக் ஆட வேண்டும், முன் பேரிங் சத்தம் போட வேண்டும். இரண்டும் இல்லை. உங்கள் சர்வீஸ் சென்டர் மெக்கானிக் என் கண் முன்னேதான் மெஷினைத் திறந்தார். கார்பன் பிரஷ் நன்றாக இருக்கிறது, கியரில் தேய்மானம் இல்லை, சுவிட்சுக்குள் இருக்கும் ட்ரையாக் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) ஷார்ட் ஆகிவிட்டது என்றார். ஜாப் ஷீட்டிலும் “சுவிட்ச் பழுது” என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ட்ரையாக் ஷார்ட் ஆனால் மோட்டாருக்கு முழு மின்சாரமும் போகும், வேகம் கட்டுப்படாது. எனக்கு நடந்தது அதுதான். மெஷினைத் திறந்து பார்த்தவர் ஒன்று எழுத, பார்க்காதவர் வேறொன்று எழுதினால் நான் எதை நம்புவது?

அதிக லோடு கொடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. கான்கிரீட் சுவரில் துளை போடுவதற்கென விற்கும் மெஷினுக்குத் தெர்மாகோல் ஒரு சுமையா? குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓட்டியதால் சூடாகியிருக்கும் என்பது அடுத்த வாதமாக இருக்கலாம். ட்ரிகரில் வேகத்தைத் திருகி வைக்கச் சக்கரமும், விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்க லாக் பட்டனும் வைத்தது நீங்கள். இத்தனை நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டாதே என்று கையேட்டில் ஒரு வரி கிடையாது. பெட்டியின் மேலேயோ, டிரில்லில் சாண்டிங் டிரம்மை மாட்டி ஒருவர் மரத்தைத் தேய்ப்பது போலப் பெரிய வண்ணப் படம். அந்த டிரம்முக்குப் பேரிங் தாங்கல்கூட இல்லை! உங்கள் படத்தில் உள்ளவரைவிட நான் மெஷினைப் பத்திரமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

வேகக் கட்டுப்பாடு எனக்கு ஆடம்பரம் அல்ல. ஸ்பாஞ்சும் துணியும் சேர்ந்து என் டிரம்மின் விட்டம் சுமார் 90 மி.மீ. உங்கள் டிரில்லின் உச்ச வேகமான 2800 ஆர்.பி.எம்.மில் எமரித் துணி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 790 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் தெர்மாகோல் உரசிச் சூடாகி இளகும், மணிமணியாகப் பிய்த்துக்கொண்டும் வரும். 800 ஆர்.பி.எம். என்றால் 226 மீட்டர்தான். தூள் சீராக விழும். சுவிட்ச் போன அன்று மெதுவாகத் தொடங்கத்தான் ட்ரிகரைத் தொட்டேன். மெஷின் சீறியதில் வால் பக்கம் ஆழமாகக் குழி விழுந்து, முக்கால்வாசி முடிந்த பிளாங்க் (துணி ஒட்டுவதற்கு முந்தைய தெர்மாகோல் போர்டு) வீணானது. ஃபோமில் பள்ளத்தை நிரப்பலாம்தான். ஆனால் அந்த இடம் எடை கூடும், தேய்க்கும்போது சுற்றியுள்ள ஃபோமோடு சமமாகத் தேயாது. காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு போர்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

எனவே வாரண்டிப்படி டிரில்லை மாற்றித் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். வெறும் சுவிட்சை மாற்றுவதற்கும் முதலில் சம்மதித்தேன். இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை என்று சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிட்டது. வீணான பிளாங்குக்கு ஆன பொருட்செலவையும் கேட்கிறேன், என் கூலியைச் சேர்க்கவில்லை. சாண்டிங்குக்கு வாரண்டி கிடையாது என்பதுதான் உங்கள் கொள்கை என்றால், முதலில் அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சரியான பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் தராத தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றி அதே சட்டத்தின் 84-ஆவது பிரிவு பேசுகிறது. உங்கள் சட்டப் பிரிவினரிடம் கேட்டுப் பாருங்கள்.

பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், உங்கள் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களையும், பெட்டி, சாண்டர் சட்டம், குழி விழுந்த பிளாங்க் ஆகியவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். டிரில் இப்போது சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது. என் சம்மதம் இல்லாமல் பழைய சுவிட்சை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)