இடியப்ப உரலை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், மச்சாள்

களுவாஞ்சிகுடி மச்சாளுக்கு,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள். அதுதான் எழுதுகிறேன். பெருவிரலைப் பிடித்துக்கொண்டு திரிகிற வேறு நாலு பேரும் படிக்கட்டும்.

உங்கள் கைப் பெருவிரல் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டதாக மருமகள் சொன்னாள். எனக்குச் செய்ததும் அதேதான். பெருவிரல் மணிக்கட்டோடு சேருமிடத்தில் ட்ரப்பீசியம் என்றொரு சின்ன எலும்பு. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம்முடைய முன்கைத் தசைநாரிலேயே ஒரு கீற்றைச் சுருட்டி வைத்தார்கள். எலும்பை எடுத்தால் விரல் தொங்காதோ என்று கேட்டீர்களாம். தொங்காது. தேய்ந்த எலும்புகள் ஒன்றோடொன்று உரசித்தான் அந்த நோவு. உரச ஒன்று இல்லையென்றால் நோவும் அடங்கும். விரல் நுனியால் 1 கிலோ விசையோடு கிள்ளினால் அடிமூட்டில் 12 கிலோ அளவு அமுக்கம் விழுமாம். நாற்பது வருசமாகத் தேங்காய் திருவின கை, கணக்கை நீங்களே போடுங்கள்.

முதல் ரெண்டு கிழமை கையை நெஞ்சுக்கு மேலே வைத்திருங்கள், தூங்கும்போதும் தலையணை மேல்தான். தொங்கவிட்டால் விண்விண் என்று தெறிக்கும். பிளாஸ்டருக்கு வெளியே நிற்கிற விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நான் பயத்தில் அசைக்காமல் வைத்திருந்தேன். நோவில்லாத விரல்களும் விறைத்துப்போய், பிறகு அவற்றுக்குத்தான் கூடப் பாடுபட்டேன். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனி ஏறினால் காயம் ஆறாது. கிளினிக்குக்குக் கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டு வரவேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் இறால் ஆகாது, கணவாய் ஆகாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மருந்துச் சரக்கு அரைத்துச் சரக்குக் கறி வைத்துத் தந்தால் சாப்பிடுங்கள், ருசிக்கு. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்று வருகிறவரை மட்டும் படலையோடு அனுப்பிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கஷ்டம் சோறுதான். வலது கை பிளாஸ்டரில் இருக்க, இடது கையில் கரண்டி. கரண்டியால் மீன் முள் எடுத்துப் பாருங்கள், தெரியும். ஐந்தாம் கிழமை பிளாஸ்டர் வெட்டினார்கள். தோல் உரிந்து, மெலிந்து, வேறு யாருடையதோ கை மாதிரி இருந்தது. விரலை அசையாமல் தாங்க, கழற்றி மாட்டுகிற ஸ்ப்ளின்ட் ஒன்று தந்தார்கள். பிறகு ஒரு நாள் பருப்பும் சோறும் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனேன், பாதி மடியில் விழுந்தது. சோற்றை வாய்க்குள் தள்ளுவது பெருவிரல்தான் என்று அன்றுதான் கண்டேன்.

பயிற்சி சின்னதுதான், அலுப்பு பெரிது. பெருவிரல் நுனியால் சுட்டுவிரல் நுனியைத் தொடவேண்டும், பிறகு நடுவிரல், மோதிர விரல். சின்ன விரலை எட்ட எனக்கு ஒரு மாதம் சென்றது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துவிட்டுச் செய்தால் சுகம். தழும்புக்குப் பக்கத்தில் சீலை பட்டாலே எரியும். அங்கே ஓடுகிற நரம்பின் வேலை அது. காயம் நன்றாக ஆறினபிறகு முதலில் பஞ்சால், பிறகு துவாயால் தடவித் தடவிப் பழக்கச் சொன்னார்கள். மெல்ல மெல்ல அடங்கியது.

இனி என் மடைத்தனம். ஏழாம் கிழமை மகன் கொழும்பிலிருந்து வந்தான். நோவு இல்லை, அப்படியென்றால் கை சரி என்று நினைத்து அவனுக்காக இடியப்ப உரலை எடுத்தேன். மூன்று தட்டுத்தான் பிழிந்தேன். இரவு கை பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. கிளினிக்கில் வாங்கின ஏச்சை எழுதமாட்டேன். இரண்டு கிழமைப் பயிற்சி வீண். நோவு போவது வேறு, வலு வருவது வேறு, மச்சாள். 3 மாதத்துக்குப் பிறகுதான் வலு எட்டிப் பார்க்கும். நல்லாய் வர 6 மாதம், சிலருக்கு 1 வருசம்கூட. இப்போதும் போத்தல் மூடியை நான் திருகுவதில்லை, பேரனைக் கூப்பிடுகிறேன். கத்திப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறேன். பிடி தடித்திருந்தால் விரலைக் கொஞ்சமாய் இறுக்கினால் போதும். உங்களுக்கும் ஒன்று சுற்றித் தருகிறேன்.

முதல் கிழமை நான் வந்து நிற்கிறேன். வரும்போது உங்கள் உரல் எங்கே இருக்கிறதென்று மருமகள் காட்டட்டும், திரும்பும்போது என் பையில் வரும். ஆறு மாதத்துக்கு இடியப்பம் கடையில்தான். கடை இடியப்பம் றப்பர் என்று நீங்கள் சொல்லப்போவதும் தெரியும்.

கல்லடி மச்சாள்