பிராக் மாநகராட்சிக்கு: மானெஸின் முகங்களைத் திருப்பிக் கொடுங்கள்

பிராக் மாநகராட்சி மன்றத்தாருக்கு வணக்கம்.

உங்கள் ஊரின் வானியல் கடிகாரம் ஓர்லோய் பற்றி ஒரு கோரிக்கை. மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே பழைய நகர மண்டபத்தின் தெற்குச் சுவருக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. எல்லோர் கையிலும் கைப்பேசி, எல்லோர் கண்ணும் மேலே. எலும்புக்கூடு மணிக்கயிற்றை இழுக்கிறது, சின்னச் சன்னல்கள் திறக்கின்றன, இயேசுவின் சீடர்கள் வரிசையாக வந்து முகம் காட்டிப் போகிறார்கள், சேவல் கூவுகிறது. அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிடும். அடியில் இருக்கும் நாட்காட்டி வட்டை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நான் எழுத வந்தது அந்த வட்டைப் பற்றி, அதற்காக மானெஸ் என்ற ஓவியர் தீட்டிய முகங்களைப் பற்றி.

அதற்கு முன், கடிகாரத்தை நீங்கள் நன்றாகவே காப்பாற்றி வருகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1410ல் கடான் ஊர் மிகுலாஷ் செய்த கருவி இன்னும் ஓடுகிறது. சூரியன் எந்த ராசியில் இருக்கிறது என்று காட்டுகிறது. பாதி வெள்ளி, பாதி கறுப்பான நிலா உருண்டை, தனக்குள்ளேயே இருக்கும் பொறியால் திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. வெளி வளையத்தில் பழைய போஹீமிய (செக்) நேரம். அங்கே நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. உள்ளே, பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் இன்னொரு நேரக் கணக்கு. கோடையில் மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். பகலின் நீளத்துக்கு ஏற்ப ராகு காலம் நீண்டு சுருங்குவதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பழகிய எங்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது. 2018 சீரமைப்பில் மின்பொறியைக் கழற்றிவிட்டு 1860களின் பழைய பொறியையே மீண்டும் பூட்டினீர்கள். நல்ல காரியம்.

ஆனால் அதே சீரமைப்பில்தான் நாட்காட்டி வட்டுக்கும் புது நகல் வந்தது. அசலை 1866ல் தீட்டி முடித்தவர் யோசெஃப் மானெஸ். நடுவில் நகரச் சின்னம், சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள், அதற்கு வெளியே பன்னிரண்டு மாதங்கள். மாதப் படங்களில் ராஜாவும் இல்லை, புனிதரும் இல்லை. மார்ச்சில் உழவு, செப்டம்பரில் விதைப்பு, அக்டோபரில் திராட்சை அறுவடை, டிசம்பரில் பன்றி அடிப்பது. நகர மண்டபத்துச் சுவரில் குடியானவர்களின் ஒரு வருஷம். அதனால்தான் அந்த முகங்களுக்கு இவ்வளவு மதிப்பு.

2022ல் பாரம்பரிய ஆர்வலர் ஒருவர் கலாசார அமைச்சகத்திடம் புகார் கொடுத்தார். புது நகலில் உருவங்களின் வயது மாறியிருக்கிறது, உடை மாறியிருக்கிறது, சிலருக்கு ஆண் பெண் என்பதே மாறியிருக்கிறது என்றார். நகலைத் தீட்டிய ஓவியர் தனக்குத் தெரிந்தவர்களின் முகங்களை வரைந்துவிட்டாரோ என்ற பேச்சும் கிளம்பியது. அது உண்மையோ பொய்யோ, எனக்கு அது பெரிதில்லை. நாலு வருஷம் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் நிற்கிற இடம் சார் அது!

நகல் வைப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வெயிலிலும் பனியிலும் ஓவியம் தாங்காது. அசல் மாநகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பதுதான் சரி. புதிதாகச் செய்வதும் தப்பில்லை. 1945 மே மாதச் சண்டையில் மண்டபம் தீப்பற்றியபோது பழைய சீடர் சிலைகள் எரிந்துபோயின. வோய்டேக் சுகார்டா மரத்தில் புதிதாகச் செதுக்கினார். 1948 முதல் அவைதான் சுற்றுகின்றன. அவை சுகார்டாவின் சிலைகள் என்றே ஊர் சொல்கிறது. அவர் யாருடைய பெயரையும் இரவல் வாங்கவில்லை. நாட்காட்டி வட்டு மட்டும் மானெஸின் பெயரில் நிற்கிறது. அவர் பெயரைச் சொன்னால் அவர் வரைந்த கிழவன் கிழவனாகவே இருக்க வேண்டாமா?

எனவே அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வட்டமாகப் படமெடுத்து, வேறுபாடுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வேறுபட்ட இடங்களைத் திரும்பத் தீட்டச் செய்யுங்கள். செலவு ஆகும்தான், கடிகாரத்தை வைத்து உங்கள் ஊர் சம்பாதிப்பதைப் பார்த்தால் அது பெரிய செலவாகத் தெரியவில்லை.

அப்புறம், கீழே ஒரு பலகை. ஹனுஷ் என்பவர் கடிகாரத்தைச் செய்ததாகவும், வேறெங்கும் இப்படிச் செய்துவிடக் கூடாதென்று ஊரார் அவர் கண்ணைப் பறித்ததாகவும் வழிகாட்டிகள் இன்னமும் கதை சொல்கிறார்கள். கதை சுவையானதுதான், சொல்லட்டும். பலகையிலாவது மிகுலாஷின் பெயர் இருக்கட்டும். சுவரில் இருப்பது 2018ன் நகல் என்பதும், மானெஸின் அசலை எங்கே பார்க்கலாம் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சதுக்கத்துக்கு வந்துபோன ஒரு தமிழ்ப் பயணி