மத்தியானத்துக்கு மேல்

எருசலேம்
வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். போனை நீ எடுக்கமாட்டாய், மெசேஜ் போட்டால் நீல டிக்கோடு நின்றுவிடும். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் தங்கச்சியைப் படிக்கச் சொல்.

பணம் வந்ததா? பகலிலும் முன்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாயாம். திறந்து வை மக்களே. சித்தப்பா வந்து திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராமே, நீ அறையை விட்டு வரவே இல்லையாமே. பெரியவர் என்ன நினைப்பார்? ஆஸ்பத்திரியில் பதினொரு ராத்திரி அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவன் நீ. எந்த மகன் செய்வான் என்று ஊரே சொன்னது. அப்படிப்பட்டவன் இப்படிச் செய்யலாமா? நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று இங்கே யூதர்களுக்கு ஆப் மாதம் ஒன்பதாம் நாள். இங்கே இருந்த தேவாலயத்தை முதலில் பாபிலோன்காரன் இடித்தான், திரும்பக் கட்டியதை கி.பி. 70-இல் ரோமன் இடித்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாள் துக்கம். புதன் ராத்திரி, நான் பார்த்துக்கொள்கிற பாட்டி சவ்தாவைச் சக்கர வண்டியில் வைத்து ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முக்கால்வாசி விளக்கை அணைத்துவிட்டார்கள். தோல் செருப்பு ஆகாது என்று, கோட்டு போட்ட பெரிய மனிதர்களெல்லாம் ரப்பர் செருப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் கழிந்தும் அன்றைக்குத்தான் பிணம் எடுத்த வீடு மாதிரி இருந்தது.

புலம்பல் ஐந்து அதிகாரத்தையும் அழுகிற ராகத்தில் வாசிப்பார்கள். நான் நம் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனேன். முதல் வசனத்திலேயே விதவை வந்துவிடுகிறாள். கடைசி வசனம் ஆண்டவர் கோபமாய் இருக்கிறார் என்றுதான் முடியும். ஆனால் அதோடு நிறுத்தமாட்டார்கள். அதற்கு முந்தின வசனத்துக்குத் திரும்பிப் போய், எங்கள் நாட்களைப் புதிதாக்கும் என்று எல்லாரும் சத்தமாய்ச் சொல்லி முடிக்கிறார்கள். நம் சபையில் எத்தனை தடவை புலம்பல் வாசித்திருக்கிறேன்! இது தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் வரை தாழ்வான இடத்தில்தான் உட்கார வேண்டும். சூரியன் உச்சி தாண்டினதும் நாற்காலிக்கு ஏறலாம். உபவாசம் அப்போதும் முடியாது, பொழுது இருட்ட வேண்டும். சவ்தாவுக்கு மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர். அந்த வெயிலில் என்னைக் கூப்பிட்டு வீட்டைக் கூட்டச் சொன்னாள். வயிறு காய்கிற நேரத்தில் என்ன கூட்டுவது என்று கேட்டேன். மீட்பர் பிறப்பது இதே நாளில்தான், பெயரே தேற்றுகிறவன், வருகிறவனை அழுக்கு வீட்டிலா உட்கார வைப்பாய் என்றாள். கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் அவள் தம்பியின் மூக்குக்கண்ணாடி கிடந்தது.

அந்தத் தம்பி தை மாதம் இறந்ததைச் சொன்னேனே. ஏழு நாள் முகம் பார்க்கிற கண்ணாடிகளுக்குத் துணி போட்டு மூடினார்கள், தெருக்கதவைச் சாத்தவே இல்லை. சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து வந்தது. முதல் வேளைக்கு அவித்த முட்டை. சவ்தாவால் குட்டை முக்காலியில் உட்கார முடியாது என்று, வண்டியின் கால்பலகையைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் வைத்துவிட்டேன். வருகிறவர்கள் அவள் வாய் திறக்கும்வரை பேசமாட்டார்கள். ஒருவர் முக்கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். எழும்போது, சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிக்கிற எல்லாரோடும் சேர்த்து உன்னையும் ஆண்டவர் தேற்றட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஏழாம் நாள் காலையில், எழுந்திரு என்று சொல்லித் தெருவை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார்கள். வண்டியைத் தள்ளியது நான்.

சித்தப்பாவும் அப்படி உட்காரத்தான் வந்திருப்பார் மக்களே. அடுத்த தடவை கதவைத் திற. பேச வேண்டாம்.

நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே, வேலைக்கு மனு போட்டாயா என்று கேட்டேன். அழாதே, ஆம்பிளைப் பிள்ளை என்றேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். சவ்தாவின் மகள் அன்றைக்கே டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். கடன் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. அப்பாவைப் பெட்டிக்குள் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கே ஒரு கிழவியின் காலைக் கழுவிக்கொண்டிருப்பது லேசாக இருந்தது. நீ எனக்காகப் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாய். படம் ஆடிக்கொண்டே இருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்தேன். உன் கை நடுங்கியிருக்கிறது. அந்தக் கையைப் பிடிக்க வேண்டியவள் நான்தானே.

நாளைக்குச் சனிக்கிழமை, ஏசாயா 40-ஆம் அதிகாரம். தேற்றுங்கள், தேற்றுங்கள் என்று தொடங்குமே, அது. அங்கிருந்து ஏழு ஓய்வுநாள் ஏசாயாதான். துக்கத்துக்கு மூன்று வாரம், தேற்றுவதற்கு ஏழு வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வருஷப் பிறப்பு. அந்த ஏழு வாரம் முடிவதற்குள் வருகிறேன். சவ்தாவின் மகளிடம் சொல்லிவிட்டேன், ஒரு மாதம் வேறு ஆள் பார்த்துக்கொள்வாள். திருவனந்தபுரத்துக்கு நீ வர வேண்டாம், தெரிந்த டாக்ஸி இருக்கிறது. வந்தாலும் சரி.

அப்பா சட்டைகளைக் கொடுத்துவிடச் சொன்னேனே, கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும், துவைக்கவும் வேண்டாம்.

அம்மா