பொங்கல் மேடையில் அரை மணி நேரம் கேட்டு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் பொங்கல் விழாவும் சித்திரை விழாவும் நடத்தும் தமிழ் மன்றத்தாருக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். வரும் தை மாதம் என் எலக்ட்ரோ பாப் ஆல்பம், அதாவது லேப்டாப்பிலும் கீபோர்டிலும் உருவாக்கிய பாப் பாட்டுகளின் தொகுப்பு, வெளிவருகிறது. எட்டுப் பாட்டு. அடிப்படையில் எல்லாமே தமிழ், எல்லாமே பெங்களூர் மர்ஃபி டவுனில் என் அறையில் பதிவானவை. ஆல்பத்தின் பெயரைப் போட்டால் இது விளம்பரம் ஆகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அந்தப் பாட்டுகளை உங்கள் பந்தலில் பாட எனக்கு ஆசை. அரை மணி நேரம் கொடுத்தால் போதும்.

சென்ற ஆண்டே ஒரு குழுவிடம் கேட்டேன். எந்தக் குழு என்று சொல்லப் போவதில்லை. மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்துத்தான் பேசினார்கள். "கம்ப்யூட்டர் மியூசிக் நம்ம ஜனத்துக்குச் சரிப்படாதும்மா. ரெண்டு சினிமாப் பாட்டு பாடறதா இருந்தா சொல்லு, ஆர்கெஸ்ட்ராவோட சேர்த்து விடறோம்" என்றார் செயலாளர்.

சரி, அந்த ஆர்கெஸ்ட்ராவையே பார்ப்போம். அல்சூர் கோயில் பூப்பல்லக்குத் திருவிழா இரவுகளில் கண் விழித்து ஆர்கெஸ்ட்ரா கேட்டு வளர்ந்தவள் நான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மேடையில் ஒரு ஸ்டாண்டின் மேல் எட்டுக் கட்டம் போட்ட கறுப்புப் பெட்டி நிற்குமே, பேட் என்பார்களே, அது என்ன? அதன் முழுப் பெயர் ஆக்டபேட், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1985இல். குச்சியால் தட்டினால் மின் சைகை கிளம்பும், அது எந்தச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை மின்னணுச் சில்லு (சிப்) தீர்மானிக்கும். தவில், உருமி, டோலக் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். பக்கத்தில் ஒருவர் கீபோர்டில் நாதஸ்வரம் வாசிப்பார், அடுத்த பாட்டுக்கு அதிலேயே வயலின் கூட்டம் வரும். உங்கள் விழாக்களில் பல காலமாகக் கம்ப்யூட்டர் மியூசிக்தான் ஓடிக்கொண்டிருக்கிறது ஐயா. முன்வரிசைப் பாட்டிகள் அதற்குத்தான் கை தட்டுகிறார்கள். 1986இலேயே 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியை வைத்து இளையராஜா இசையமைத்துவிட்டார். அந்தப் பாட்டுகளை உங்கள் மேடையில் இன்றும் ஒன்ஸ்மோர் கேட்கிறார்கள்.

"லேப்டாப்பைத் தட்டிவிட்டு சும்மா நிப்பீங்க" என்பது அடுத்த குறை. இதில் பாதி உண்மை இருக்கிறது. டிரம்ஸும், பேஸ் என்கிற அடிச்சத்தமும் நான் முன்கூட்டியே செய்து வைத்தவை, சின்னச் சின்னத் துண்டுகளாக லேப்டாப்பில் கிடக்கும். எந்தத் துண்டு எப்போது வர வேண்டும், எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பதை மேடையில்தான் பட்டன்களை அழுத்தி முடிவு செய்கிறேன். கூட்டம் பல்லவியைக் கூடவே பாடினால் பல்லவி நீளும், கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சரணத்துக்குப் போய்விடுவேன். குரலும் கீபோர்டும் அந்த நேரத்தில் வருபவை. முழுப் பாட்டையும் ஓடவிட்டு வாயசைப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் ஒத்திகைக்கு வாருங்கள். நடுப் பாட்டில் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிப் பாருங்கள். நான் மெதுவாக்கிக் காட்டுகிறேன்.

இன்னொரு தயக்கம் என் பாட்டுகளின் தமிழைப் பற்றி. இரண்டு பாட்டில் கன்னட வரி வருகிறது. எங்கள் தெருவில் பேச்சே அப்படித்தான் போகும். விழாவுக்கு வரும் கன்னட அக்கம்பக்கத்தாருக்கும் சேர்ந்து பாட ஒரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பப்பில் போய்ப் பாட வேண்டியதுதானே என்றும் கேட்டார்கள். பாடியிருக்கிறேன். பெரும்பாலும் கவர் பாட்டுதான், அதாவது பிறர் பாடிய இந்தி, ஆங்கிலப் பாட்டுகளைத்தான் பாடச் சொல்லிக் கேட்பார்கள். தவிர, பெங்களூரில் கச்சேரி நடக்கும் இடங்களுக்குப் போலீஸ் உரிமம் வேண்டும் என்கிற 2005ஆம் ஆண்டின் பொதுக் கேளிக்கை இட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. அந்த உரிமம் இல்லாத இடங்களில் அப்போது கச்சேரிகள் நின்றே போயின. இதையெல்லாம் விடுங்கள், என் பெரியம்மா பப்புக்கு வர மாட்டார்.

ஆன்லைனில் பணம் வருமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. முப்பது நொடிக்கு முன் தாண்டிப் போனால் அது கணக்கில் சேராது. படத்தோடு வரும் பாட்டுக்குப் படமே விளம்பரம். என் பாட்டுக்கு, யாராவது ஒருவர் எங்கேயாவது நேரில் கேட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய்த் தேடினால்தான் உண்டு.

அதனால் எப்போது பாடுகிறோம் என்பது முக்கியம். எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது சிறப்பு விருந்தினர் பேசி முடித்த பிறகு. நிரலில் 8.30 என்று இருக்கும். விருந்தினர் வள்ளுவரில் தொடங்கி, தன் மருமகனின் அமெரிக்க வேலை வரை வந்து, மைக்கை விடும்போது 9.45 ஆகியிருக்கும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. நான் கேபிள் செருகி முடிப்பதற்குள் மைக்செட் அண்ணன் ஸ்விட்சை அணைத்துவிடுவார். ஆகவே 7 மணிக்குக் கொடுங்கள். குழந்தைகள் நடனத்துக்கு அடுத்து வைத்தால் இன்னும் நல்லது, பெற்றோர் எல்லாம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மைக்செட் விஷயத்தில் இரண்டே வேண்டுகோள். பேச்சுக்கென்று கட்டும் தூண் போன்ற ஸ்பீக்கரில் என் பாட்டின் அடிச்சத்தம் கேட்கவே கேட்காது, அதற்கு சப் ஊஃபர் என்கிற தனி ஸ்பீக்கர் வேண்டும். சீரியல் லைட் போகும் லைனில் என் லேப்டாப்பைச் செருகச் சொல்லாதீர்கள், இரைச்சல் வந்துவிடும். மற்றபடி கேபிள், லேப்டாப்பை மைக்செட்டோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் எல்லாம் நானே கொண்டு வருவேன். பாட்டு, வரி, பதிவு மூன்றும் என்னுடையவை, உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை.

சம்பளம்: பேட் வாசிப்பவருக்கு ஒரு இரவுக்கு என்ன கொடுக்கிறீர்களோ, அதையே கொடுங்கள். பொன்னாடை வேண்டாம். அந்தக் காசில் இன்னொரு சப் ஊஃபர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மர்ஃபி டவுனிலிருந்து ஒரு பாடகி