மாடியில் மேட்ச் பார்க்கிற நம் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

பாளையங்கோட்டை தெற்கு பஜார் பக்கம் சைக்கிள் கடை மாடியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, திரை கட்டி மேட்ச் பார்க்கிறோமே, அந்த நம் எல்லாருக்கும்தான் இந்த மடல். நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தடவை சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவையும் நான் முடிப்பதற்குள் "நீங்க இப்ப எந்தக் கட்சிக்குப் பேசுதிய?" என்று கேள்வி வந்துவிட்டது, அதோடு பேச்சும் போயிற்று. எழுதினால் கடைசி வரை படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் மாடி மாதிரி டீக்கடைத் திண்ணையும் மன்றத்து அறையும் ஊருக்கு ஊர் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்களும் படித்தால் சந்தோஷம்.

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 14, 21, 28 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடின. முதல் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நம் ஆட்டக்காரர்கள் எதிரணிக்குக் கை கொடுக்காமல் உள்ளே போய்விட்டார்கள், மாடியில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் வாக்குவாதம். பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை, எந்தக் கையால் கை கொடுப்பது என்றார் ஒருவர். கொடுக்க மனசில்லை என்றால் ஆடவே போயிருக்கக் கூடாது என்றார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, கண் முன்னால் நடந்ததைப் பற்றிய பேச்சுதான் அது, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நம்மில் ஒருவர், பெயர் வேண்டாம், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மேலப்பாளையத்து நண்பனைப் பார்த்து, "ஏன் பாய், நீங்க ஒண்ணுமே சொல்லலியே, உள்ளுக்குள்ள உங்களுக்கு யாரு ஜெயிக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவன் கையில் இருந்த டீயை மீதி வைக்காமல் குடித்தான், டம்ளரைக் கீழே வைத்தான், "நேரமாச்சு, வாறேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினான். அடுத்த ஞாயிறு வரவில்லை. இறுதியாட்டத்துக்கும் வரவில்லை. அதற்கப்புறம் எந்த மேட்ச்சுக்குமே வரவில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு அவன் யார் என்று தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். நானும் அவனும் ஒன்பதாம் வகுப்பு ஒரே பெஞ்சு. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட், நான்காம் நாள், ஜெயிக்க 271 வேண்டும். எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். அந்த வயதிலேயே என் நண்பன் பாகிஸ்தான் சுழல்பந்துக்காரர் சக்லைன் முஷ்டாக்கின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாப் பந்தும் ஒரே மாதிரி கையிலயிருந்து வருதுல்லா, அதுல ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் போகும், அதத்தான் தூஸ்ராங்காவ" என்று எனக்கு விளக்கினான், எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு செய்தும் காட்டினான். 254இல் சச்சின் அவுட். இன்னும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். 258இல் எல்லாம் முடிந்தது, 12 ரன்னில் தோற்றோம். அவன் அழுதான், நானும் அழுதேன். டிவியை நிறுத்த எழுந்த எங்கள் அப்பா நிறுத்தாமல் அப்படியே நின்றுவிட்டார், ஏனென்றால் திரையில் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வருகிறது, சேப்பாக்கம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டுகிறது.

அந்தத் தொடரில் அரசியல் இல்லாமல் இல்லை. டெல்லி மைதானத்து ஆடுகளத்தை சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டதால்தான் முதல் டெஸ்ட்டே சென்னைக்கு வந்தது. அதே வருஷம் கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 8 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பை ஆட்டம். வெங்கடேஷ் பிரசாத் ஐந்து விக்கெட் எடுத்தார், நாம் 47 ரன்னில் ஜெயித்தோம். அன்றைக்கு ராத்திரி நானும் அவனும் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு தெருவில் ஓடினோம், சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் இறங்கி எங்கள் இரண்டு பேர் தலையிலும் தட்டிவிட்டுப் போனார். எல்லையில் நம் பையன்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதுகூட எங்கள் தெருவில் ஒருவரும் அவனிடம் உனக்கு யார் ஜெயிக்கணும் என்று கேட்கவில்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து நாம் கேட்டிருக்கிறோம். அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள்.

28ஆம் தேதி இறுதியாட்டம் ஞாபகம் இருக்கும். ஒரு விக்கெட்டுக்கு 113 என்று போய்க்கொண்டிருந்த பாகிஸ்தான் 146இல் சுருண்டது, குல்தீப் ஒரே ஓவரில் மூன்று பேரை அனுப்பினார். மாடியில் கூச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மூன்று பந்தும் எப்படிப் போட்டது, எது உள்ளே வந்தது எது வெளியே போனது என்று ஒருவராவது பேசினோமா? முன்பெல்லாம் இந்த மாதிரி ஓவர் முடிந்தால் அவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கையைத் திருப்பிக் காட்டி, பின்னால் உட்கார்ந்திருக்கிற பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அன்றைக்கு விக்கெட் விழ விழ எந்தக் கட்சித் தலைவர் என்ன சொல்வார், எவன் வாய் இப்போது மூடும் என்றுதான் பேச்சு ஓடியது. அவன் போனதோடு கிரிக்கெட் பேச்சும் படி இறங்கிப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டில் அரசியலே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. 2010 முதல் 2012 வரை உலகக் கிரிக்கெட்டை நடத்துகிற ஐசிசிக்குத் தலைவராக இருந்தவர் சரத் பவார், 2024 டிசம்பரில் அதன் சேர்மனாக வந்தவர் அமித் ஷாவின் மகன் ஜெய் ஷா. நடத்துகிறவர்களே அரசியல்வாதிகளும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாக இருக்கும்போது பார்க்கிறவன் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்? 2018 ஏப்ரலையும் நான் மறக்கவில்லை. இரண்டு வருஷத் தடை முடிந்து சிஎஸ்கே வீட்டுக்குத் திரும்பி வருகிறது, காவிரி மேலாண்மை வாரியத்துக்காகத் தமிழ்நாடே கொதித்துக்கொண்டிருக்கிறது. 10ஆம் தேதி கொல்கத்தா அணியோடு நடந்த ஆட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது, மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. நம் மாடி அன்றைக்கு இரண்டாகப் பிரிந்தது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் தாமிரபரணித் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று பாபநாசம் அணையின் மட்டத்தை பேப்பரில் தினம் பார்க்கிற ஆட்கள் நாம், தண்ணீர் இல்லை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டெல்டாக்காரன் வயல் காயும்போது எனக்கு மேட்ச் எதற்கு என்று ஒரு அண்ணாச்சி எழுந்து போனார், மே 27 அன்று வாட்சன் 117 அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தபோதுகூட அவர் பார்க்கவில்லை. தன்னிடம் இருந்த ஒரு பிரியமான பொருளைத் தானே எடுத்து வைத்துவிட்டுப் பேசினார் அவர். அவரோடு எனக்கு அன்றைக்கு ஒத்துப்போகவில்லை, ஆனால் இன்றைக்கு வரைக்கும் அவர் மேல் மரியாதை உண்டு.

இப்போது நாம் செய்வது வேறு. அஷ்வின் பேச்சை எடுத்தாலே போதும், 106 டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த மனுஷனின் கேரம் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், அவர் எந்தச் சாதி, வடக்கத்திக்காரன் அவரை வெளிநாட்டில் எத்தனை தடவை வெளியே உட்கார வைத்தான், அதற்கு எந்தக் கட்சி காரணம் என்று மூன்றே நிமிஷத்தில் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பையன்களுக்கு அணியில் இடம் கிடைக்கிறதா, சென்னையைத் தாண்டி உள்ளவனுக்குக் கதவு திறக்கிறதா என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விதான். சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடி முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தாரே, அது எப்படி நடந்தது, டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவனுக்கு அப்புறம் யார் கை கொடுத்தார்கள் என்று பேசினால் நம் தெருப் பையன் ஒருவனுக்காவது பயன்படும். நமக்கு சங்கர் நகர் மைதானம் இருக்கிறது, ரஞ்சி ஆட்டம் பார்த்திருக்கிறோம், 2023இல் டிஎன்பிஎல் என்ற தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதியாட்டமே அங்கேதான், நம் நெல்லை அணியே ஆடியது. நம் பையன் எத்தனை பேருக்கு அந்த மாதிரி புல்தரையில் பந்து போடக் கிடைக்கிறது என்று ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா? அதுவும் அரசியல்தான், அதைப் பேசுங்கள், ராத்திரி முழுக்கக் கேட்கிறேன்.

கபடியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்த மடல் பாதிதான். கோயில் கொடையை ஒட்டி மின்னொளி கபடிப் போட்டி நடக்காத கிராமம் நம் பக்கம் கொஞ்சம்தான். மணத்தி கணேசன் இந்த மண்ணிலிருந்து போய் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார், அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. அப்படிப்பட்ட ஆட்டத்தை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பாடிப் போகிறவன் கோட்டைத் தொட்டானா, கார்னர் பையன் காலைப் பிடித்த நேரம் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் பனியன் என்ன கலர், மார்பில் யார் படம், எந்த ஊர்க்காரன், அப்படியென்றால் எந்த ஆட்கள் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். நடுவர் விசில் ஊதினால் அவர் எந்தச் சாதி என்று விசாரிக்கிறோம். இதையெல்லாம் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடப் படிக்கிற பையனை வீடு தேடிப் போய் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகள் கையில் சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கட்டக்கூடாது என்று பரிந்துரை கொடுத்தது. கயிற்றை வாத்தியார் அவிழ்த்துவிடலாம். மாடியில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிற பொடியன் காதில் விழுவதை யார் அவிழ்ப்பது? நம் மாடியில் அந்தக் கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்காருகிறார்கள், எல்லாம் எட்டாவது ஒன்பதாவது படிக்கிறவன்கள், நானும் அவனும் 1999இல் இருந்த வயசு.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். அந்தக் கேள்வி வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. பேசினால் சண்டை பெரிதாகும், அவனுக்கே சங்கடம் என்று நினைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் படி இறங்குகிற சத்தம் கேட்டது, நான் எழுந்து பின்னால் போகவில்லை. ரொம்ப நாளாக இது மனசில் கிடந்து அறுக்கிறது, கேட்டவரைவிட நான்தான் பெரிய தப்பு செய்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவருக்கு அவனைத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அதனால் எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒருவன் பெயரை வைத்தோ, ஊரை வைத்தோ, கட்டியிருக்கிற வேட்டியின் கரையை வைத்தோ நீ யார் பக்கம் என்று இனி மாடியில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது, விளையாட்டாகக்கூட. கேட்டால் பக்கத்தில் இருக்கிறவர் அந்த நிமிஷமே "அதெல்லாம் இங்க வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். முதல் ஆளாக நான் சொல்கிறேன், என் மேல் கோபப்பட்டால் படுங்கள். கட்சிப் பொறுப்பில் இருக்கிற தம்பிகள் நாலு பேருக்கும் தனியாகச் சொல்கிறேன், வாகையடி முனையில் நீங்கள் மேடை போட்டால் முன் வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்பேன், உங்கள் இரண்டு கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கும் ஏற்கெனவே வந்திருக்கிறேன். டாஸ் போட்டதிலிருந்து பரிசு கொடுத்து முடிக்கிற வரைக்கும் மட்டும் ஆட்டத்தைப் பேசுவோம். அப்புறம் கீழே டீக்கடையில் நின்று விடிய விடிய எதை வேண்டுமானாலும் பேசுங்கள், கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

இந்த ஞாயிறு காலை நான் மேலப்பாளையம் போகிறேன். அன்றைக்குக் கேட்டவரும் வந்தால் ரொம்ப நல்லது, கூட யார் வந்தாலும் சரி. ஏழு மணிக்கு குலவணிகர்புரம் ரயில்வே கேட் பக்கம் நிற்பேன். கேட் மூடியிருந்தால் இந்தப் பக்கமே காத்திருக்கிறேன், சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
மாடியில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்