தோலின் நிறத்தையும் அளந்து எழுதுங்கள்: ஒளியால் உடலை ஆராய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உயிர் ஒளியியல் ஆய்வாளர்களுக்கும், அவர்களுடைய கட்டுரைகளைப் பரிசீலிக்கும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். மருத்துவக் கருவிகளைச் சோதித்துப் பராமரிப்பது என் வேலை. நீங்கள் ஆய்வுக்கூட மேசையில் லென்சும் லேசருமாகப் பரப்பி வைத்துச் செய்து பார்ப்பவை, காலம் கழித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கி என்னைப் போன்றவர்களிடம் வந்து சேர்கின்றன. அந்த முனையில் நின்று ஒரு கோரிக்கை வைக்கிறேன். மனிதத் தோலைத் தாண்டி ஒளி போகும் எந்த ஆய்வானாலும், அந்தத் தோலின் நிறத்தைக் கருவியால் அளந்து கட்டுரையில் எழுதுங்கள். எழுதாத கட்டுரை வந்தால், ஆசிரியர்களே, திருப்பி அனுப்புங்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி கண்டுபிடித்த வழியில்தான் அது இன்றும் இயங்குகிறது. ஒரு பக்கம் இரண்டு எல்.ஈ.டி.கள். ஒன்று 660 நானோமீட்டர் அளவில் சிவப்பு, இன்னொன்று 940 நானோமீட்டர் அளவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் ஓர் ஒளியுணரி. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் சிவப்பை அதிகமாக உறிஞ்சும். ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். இதயத் துடிப்புக்கு ஏற்பத் தமனியில் ரத்தம் கூடிக் குறையும்போது உணரிக்கு வந்து சேரும் ஒளியும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மொத்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். துடிக்கும் பங்கைத் துடிக்காத பங்கால் வகுத்து, சிவப்புக்கு வந்த விடையை அகச்சிவப்புக்கு வந்த விடையால் மறுபடி வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். எலும்பு, நகம், தோல் எதுவுமே துடிப்பதில்லை என்பதால் வகுத்தலில் அவை கழன்றுவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் துடிப்பதில்லை. ஆகவே தோல் நிறம் ஒரு பொருட்டே அல்ல என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்லும்.

கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. எல்.ஈ.டி.தான் அவ்வளவு சுத்தமில்லை. அது ஒற்றை அலைநீளத்தில் ஒளிர்வதில்லை, பல நானோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையாக ஒளிர்கிறது. மெலனின் அந்தப் பட்டையின் குறுகிய அலைநீளப் பக்கத்தைக் கூடுதலாக உறிஞ்சுவதால், கருத்த தோலைத் தாண்டிய சிவப்பொளியின் மையம் சற்றே நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. 660ஐச் சுற்றி ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் உறிஞ்சல் கோடு செங்குத்தாக இறங்குகிறது. மையம் சில நானோமீட்டர் நகர்ந்தாலே உறிஞ்சல் குறைந்ததாகத் தோன்றும். விளைவு, உண்மையில் இருப்பதைவிடக் கூடுதல் ஆக்சிஜனைக் கருவி காட்டும். இதோடு, உணரிக்கு வந்து சேரும் ஒளியே குறைவு என்பதால் இரைச்சலின் பங்கும் கூடுகிறது. எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் உங்கள் துறைக்குள்ளேயே இன்னும் ஓயவில்லை.

அந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்றுவது எப்படி என்பதில்தான் என் மனத்தாங்கலே இருக்கிறது. அது எந்தச் சமன்பாட்டிலிருந்தும் நேராக வருவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைத்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, ரத்த ஆக்சிஜன் அளவை 70 சதவீதம் வரை படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து அளந்து, விகிதத்தையும் சதவீதத்தையும் பொருத்தி ஓர் அட்டவணை போடுகிறார்கள். விகிதம் 1 என்றால் சுமார் 85 சதவீதம். (விரல் சரியாக மாட்டாமல் இரைச்சல் மிஞ்சும்போது கருவிகள் 85ஐச் சுற்றியே அலைவதன் ரகசியமும் இதுதான்.) ஆக, யாருடைய விரல்களை வைத்து அட்டவணை போட்டார்களோ, அவர்களுடைய தோலும் அதற்குள் இருக்கிறது.

இந்த அட்டவணையை என்னால் சோதிக்கவே முடியாது. என் மேசையில் இருப்பது ஒரு போலி விரல், அதாவது ஒரு சிமுலேட்டர். 90 சதவீதம் என்று அமைத்தால், கருவித் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி 90க்கு எந்த விகிதமோ அதையே அது ஒளியாகக் கருவிக்குள் அனுப்பும். கருவி 90 என்று காட்டும். நான் சரிபார்த்ததாக ஒட்டுவில்லை ஒட்டுவேன். மின்சுற்றும் கேபிளும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது அத்தாட்சி. கருத்த விரலில் அந்த 90 உண்மையா என்பதற்கு அத்தாட்சி என் மேசையில் கிடைக்காது, உங்கள் மேசையில்தான் கிடைக்கும்.

பிழை தெரியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1990இலேயே ஜுப்ரான், டோபின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்து, கருவி காட்டும் எண்ணில் வெள்ளையருக்கு 92 என்ற இலக்கு போதும், கருப்பினத்தவருக்கு 95 தேவைப்படுகிறது என்று எழுதினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2020இல், கொரோனாவின் நடுவே ஆய்வாளர் ஷோடிங்கும் அவருடைய சகாக்களும் மறுபடி அதே இடத்தைத் தொட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், தமனி ரத்தத்தில் 88க்கும் கீழே இருந்தது கருப்பினத்தவரிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கொடுத்த வழிகாட்டுதலில் சோதனைக்கு வரும் கருத்த தோலினர் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது என்றிருந்தது. பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் இரண்டு பேர் போதும்! 2025இல்தான் அதைக் கடுமையாக்கும் வரைவு வந்தது.

2020 ஆய்விலும் ஒரு குறை உண்டு. அதில் இருப்பது நோயாளி சொன்ன இனம், அளந்த நிறம் அல்ல. ஒளிக்கு இனம் தெரியாது, மெலனின்தான் தெரியும். ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலும் இதற்கு ஈடாகாது. வெயிலில் தோல் எப்படிச் சிவக்கும், எப்படிக் கருக்கும் என்று கேட்டு, புற ஊதா சிகிச்சையின் அளவை முடிவு செய்ய 1975இல் உருவானது அது. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகை. பழுப்பும் கருப்பும் பின்னால் சேர்ந்த ஐந்தும் ஆறும். உலகில் பெரும்பாலானோரின் தோல் வெளுப்பல்ல என்பதை நினைத்தால் இந்த வரிசையே வேடிக்கையாக இருக்கிறது. நிறமானி ஒன்றைத் தோலில் வைத்தால் சில நொடிகளில் எண் கிடைத்துவிடும். உங்கள் மேசையில் இருக்கும் ஒளியியல் கருவிகளின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

ஆக்ஸிமீட்டரை மட்டும் சாடுவது என் நோக்கமில்லை. அதன் கதை வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். அகச்சிவப்பால் மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஆய்வுகளில் அடர்ந்த கருமுடியும் கருத்த தோலும் உள்ளவர்களின் பதிவுகள் ‘சமிக்ஞைத் தரம் போதவில்லை’ என்ற ஒற்றை வரியில் விலக்கப்படுகின்றன. லேசர் பட்ட திசு எழுப்பும் ஒலியைக் கொண்டு படம் வரையும் ஒளி-ஒலிப் படமெடுப்பில் மேல்தோல் மெலனினே லேசரை வாங்கிக்கொண்டு பலத்த ஒலியை எழுப்பி, அடியில் இருக்கும் ரத்தக்குழாயை மறைக்கிறது. மணிக்கட்டில் கட்டும் துடிப்பளவிகள் பச்சை ஒளியை நம்புகின்றன. மெலனின் அதைச் சிவப்பைவிடவும் அதிகமாக உறிஞ்சும்.

எலிகள் விஷயத்தில் மட்டும் நீங்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. கருப்பு எலியின் நிறமி ஒளியை விழுங்கும் என்பதால், படமெடுக்க அதே மரபின் வெள்ளை எலியைத் தேடி வாங்குகிறீர்கள். எலியின் வகையை எழுதாத கட்டுரை எந்த இதழிலும் வராது. மனிதருக்கு வயது, பாலினம், உயரம், எடை எழுதுகிறீர்கள். நிறத்தைத்தான் காணோம்.

அளவீடு நடந்த இடத்திலேயே நிறத்தை அளக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விரல் நுனியின் அடிப்பக்கம் வேறு நிறம், மேல்பக்கம் வேறு நிறம், முன்கை வேறு. தரம் போதாது என்று எத்தனை பேரை விலக்கினீர்கள், அவர்களுடைய தோல் எண்கள் என்ன என்பதையும் அதே அட்டவணையில் போடுங்கள். பிழையை எல்லோருக்கும் சேர்த்து ஒரே வர்க்கமூலச் சராசரியாக (பிழைகளை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலமாக) தராதீர்கள். வர்க்கப்படுத்தும்போது கூட்டலா கழித்தலா என்ற குறி தொலைந்துவிடும். ஒருவருக்கு இரண்டு குறைத்துக் காட்டுவதும் இன்னொருவருக்கு இரண்டு கூட்டிக் காட்டுவதும் அதில் ஒன்றே. படுக்கையில் கிடப்பவருக்கு ஒன்றல்ல. குறைத்துக் காட்டினால் தேவையில்லாமல் ஆக்சிஜன் வைப்பார்கள், கூட்டிக் காட்டினால் வைக்கவே மாட்டார்கள்.

கருத்த தோலுள்ள தன்னார்வலர்கள் கிடைப்பதில்லை என்று சிலர் சொல்வீர்கள். சில ஊர்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடக்கத்திலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை, மெலனின் அடுக்கு சேர்த்த போலித் திசுவில் சோதித்த எண்களையாவது வெளியிடுங்கள். அதுவும் முடியாதென்றால், ‘இம்முறை வெளிர் தோலில் மட்டுமே சோதிக்கப்பட்டது’ என்ற வரியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்காமல், கட்டுரைச் சுருக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்