வெளியார் உதவி பெறலாகாத போட்டிக்கு உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க முள்ளியவளை, சிலாவத்தை, புதுக்குடியிருப்பு உறவுகளுக்கு,

சென்ற மாதம் கிழக்குக் கரையில் நடைபெற்ற குறுந்தூர ட்ரையத்லன் போட்டியில் நான் பங்குபற்றி, குறித்த நேரத்துக்குள் அதனை முடித்தேன் என்பதை உங்களிற் பலர் ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். கடலில் 750 மீற்றர் நீந்தி, கரையேறி 20 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, இறங்கிய கையோடு 5 கிலோமீற்றர் ஓட வேண்டிய இப்போட்டியில் மணிக்கூடு இடையில் நிற்பதில்லை. சப்பாத்துப் போடும் நேரமும் கணக்கில் சேரும். முன்னணி இடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

போட்டி விதிகளுள் ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது. ஏற்பாட்டாளர்கள் தரும் தண்ணீர், மருத்துவ உதவி போன்றவற்றைத் தவிர, போட்டியாளர் வெளியார் எவரிடமிருந்தும் உதவி பெறலாகாது என்றும், ரயர் காற்றுப் போனாலும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறுகிறது. நாற்பதை நெருங்கும் ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, வெளியார் உதவி இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கே வந்திருக்க முடியாது. அந்த விதி மீறப்படாதவாறு எல்லா உதவியையும் முற்கூட்டியே செய்து முடித்தவர்களுக்கு இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, சிலாவத்தையில் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையின் உரிமையாளரான சம்மாட்டியார் ஐயாவுக்கு உரியது. குளத்தில் மட்டும் நீந்திப் பழகிய எனக்கு, அலை உடையுமிடத்தில் தலையைத் தாழ்த்தி அதன் அடியால் போகவும், வலை வளைக்காத வேளைகளில் அவருடைய வள்ளம் பக்கத்தில் வர ஆழத்தில் நீந்தவும் கற்பித்தவர் அவர். கடலில் திசை பிடிக்க அவர் சொல்லித்தந்த முறையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். “முன்னுக்குத் தெரியிற ஒண்டை மட்டும் பாத்தா நீரோட்டம் இழுக்கிறது தெரியாது பிள்ளை, அதுக்குப் பின்னால நிக்கிற இன்னொண்டையும் சேத்துப் பார்” என்பார். போட்டியன்று திரும்பிக் கரை நோக்கி வருகையில், செம்மஞ்சள் மிதவையையும் அதற்கு நேர் பின்னால் கரையில் நின்ற தண்ணீர்த் தாங்கியையும் அவ்வாறே ஒரே கோட்டில் வைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் தாங்கி மிதவைக்கு வலப்புறமாக விலகித் தெரிந்ததால், நான் வலப்பக்கம் இழுபடுகிறேன் என்பதை உணர்ந்து இடப்பக்கம் பிடித்து நீந்த, இரண்டும் மறுபடி ஒன்றின்மேல் ஒன்றாயின. என்னைவிட வேகமாக நீந்தக்கூடிய சிலர் வெகுதூரம் ஒதுக்கப்பட்டு, வளைந்து திரும்பி வந்ததைக் கண்டேன்.

புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் அண்ணை, பழைய றேசிங் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டி, என் உயரத்துக்குச் சீற்றையும் ஹான்டிலையும் இறக்கித் தந்தார். மேற்சொன்ன விதியை அவரிடம் சொன்ன நாளிலிருந்து என் சைக்கிளுக்கு அவர் ஒட்டுப்போட மறுத்துவிட்டார். கடை வாசலில் என்னை இருத்தி, ரயரின் விளிம்பை நெம்பிக் கழற்றி, புதிய ரியூப்பை முறுக்கில்லாமல் உள்ளே செலுத்தி, அது விளிம்பில் நசிபடாதிருப்பதை விரலால் சுற்றிவரத் தடவிப் பார்த்த பின்பே காற்றடிக்கும்படி பழக்கினார். போட்டியில் ரயர் காற்றுப் போகவில்லை என்பதைக் கேட்டு அவர் சற்று ஏமாற்றமடைந்தார் என்றே நினைக்கிறேன்.

ஒட்டுசுட்டான் வீதியில் விடியற்புறத்தில் யானை நிற்கக்கூடும் என்பதால், பால் சேகரிக்கப் போகும் தம்பி தன் மோட்டார் சைக்கிளின் வெளிச்சத்தை எனக்கு முன்னால் விழவிட்டுப் பின்னால் வந்தார். முன்னால் போய்க் காற்றை மறைத்துத் தரவும் அவர் ஆயத்தமாகவே இருந்தார். எனினும் நான் போட்டியிட்ட பிரிவில் முன்னால் போகிறவரை ஒட்டி ஓடுவது தடை என்பதால், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைத் தனியே எதிர்கொள்ளப் பழகுவதே நல்லதென்று நான்தான் மறுத்தேன்.

நீச்சல் உடை என்றதும் ஊரில் எழுந்த பேச்சுகளை இங்கே எழுதப் போவதில்லை. முள்ளியவளைத் தையல் அக்கா அவற்றுக்குப் பதில் சொல்லாமல், முழங்கால் வரை மூடுவதும் மூன்று பகுதிக்கும் மாற்றாமல் அணியக்கூடியதுமான உடையொன்றைத் தைத்தார். கையை உயர்த்தி நீந்தும்போது அக்குளில் தையல் உராய்ந்து புண்ணாகாதிருக்க, அவ்விடத்தில் சாய்சதுரத் துண்டொன்றை வைத்துத் தையலைப் பின்பக்கம் தள்ளினார். உப்புநீரில் ஊறிய பின்னும் அந்த இடத்தில் எனக்குச் சிறு கீறல்கூட இல்லை.

எங்கள் பாடசாலையின் விளையாட்டுத்துறை ஆசிரியர், 1974 இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் தொடங்கி 2000 இல் சிட்னி ஒலிம்பிக்கிற்கு வந்த இவ்விளையாட்டைப் பற்றி எனக்கு முதன்முதலிற் சொன்னவர். சைக்கிளால் இறங்கியதும் கால்கள் கல்லாகிவிடும் என்பதை அறிந்து, மைதானத்தைச் சைக்கிளில் பலமுறை சுற்றச் செய்து, மூச்சு விடுமுன் ஓடவும் வைத்தார். சைக்கிளைத் தொடுமுன் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும் என்ற விதியை என் மகள் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் விறாந்தையில் மணிக்கூட்டுடன் நின்று என்னை வாட்டியெடுத்தாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமிக்கும், என் வகுப்புகளை ஏற்றுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், வவுனியா வழியாகச் சைக்கிளைத் தன் லொறியில் ஏற்றிச் சென்று கூலி வாங்க மறுத்த சாரதிக்கும் என் நன்றிகள். தலைக்கவசம் இரவல் தந்தவர் அதனைச் சைக்கிள் கடையில் பெற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. கடலை வாசலில் வைத்துக்கொண்டு நாம் பெண் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்பிக்காமலிருப்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விடயம். வடகிழக்குப் பருவக்காற்றான வாடை தொடங்கும் வரை சனிக்கிழமைகளில் வள்ளத்துடன் நிற்கச் சம்மாட்டியார் ஐயா இணங்கியுள்ளார். தையல் அக்கா சிறிய அளவுகளில் உடை தைத்துத் தருவார். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர், காலையில் வலை இழுத்து முடிந்த பின் தாமும் உடன் வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் ஊர் ஆசிரியை,
முள்ளியவளை